ஒரு நாளைக்கு ஒரு பவுசர்

செவ்வாய்க்கிழமை கிளினிக்.
சட்டையைக் கழற்றி இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னா
நிலூஃபா மிஸ்.
விலாவில் குளிர்ந்த ஜெல்.
யன்னலுக்கு வெளியே டச்சுக்குடா
அலை இல்லாமல் கிடந்தது.

"பயப்பட ஒண்டுமில்லை அண்ணே,
மீன் பாக்கிற மெஷின் மாதிரித்தான்.
சத்தத்தை அனுப்பும், திரும்பி வாறதைக் கேக்கும்."
மைத்துனனின் ரோலரில் பார்த்திருக்கிறேன்.
பாரைக் கூட்டம் தெரிகிற இடத்தில்
இங்கே கறுப்பாய் நாலு அறை
திறந்து மூடிக்கொண்டிருந்தது.

இருபத்தாறு வருசம்
உவர்மலைத் தாங்கிக்கு நீர் ஏற்றுகிறவன் நான்.
கந்தளாயிலிருந்து வரும் குழாயில்
காற்றுப் புகுந்தால் நித்திரையிலும் தெரியும்.
போன மாசம் தாங்கி ஏணியின் பதினோராம் படியில்
மூச்சு முட்டி நின்றேன்.
கீழே காது கொடுத்தேன்.
மோட்டர் சரியாகத்தான் ஓடியது.
அப்போ பிழை எங்கே?

திரையில் விரல் வைத்துக் காட்டினா மிஸ்.
வலப்பக்கச் சுவர் மெல்லிசு:
பக்கத்து வளவில் இருக்கிற நுரையீரலுக்கு
அந்த அமுக்கம் காணும்.
இடப்பக்கம் தடித்த தசை.
மேடும் பள்ளமும் அதன் பொறுப்பு:
தலை என்கிற மேட்டுத்தெரு,
எந்நேரமும் குழாயைத் திறந்தே வைத்திருக்கும் சிறுநீரகம்,
சாம்பல்தீவுக் கடைசி இணைப்புப் போலக்
கால் பெருவிரல்.

அங்கே குழாய் மயிரிலும் சிறுத்துவிடும்.
செங்குழியங்கள் ஒன்றின் பின் ஒன்றாய்
உடம்பை ஒடுக்கி நுழைந்து
கொண்டுவந்த காற்றை இறக்கிவிட்டுத்
திரும்புகிற வழியெல்லாம் ஏற்றம்.
கீழே பம்ப் கிடையாது.
நடக்கிற கெண்டைக்கால் பிழிந்து ஏற்றும்;
விழாமல் தாங்க நாளத்துக்குள்
சின்னச் சின்ன வால்வு.

எங்கட லைனில் திரும்பி வாற குழாயே இல்லை.
போன தண்ணீர் போனதுதான்.

நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் என்றா.
பழக்கதோசத்தில் பெருக்கிப் பார்த்தேன்.
ஏழாயிரத்து இருநூறு.
ஒரு நாளைக்கு ஒரு பவுசர்!
என் கைப்பொத்தல் அளவு இறைச்சி,
ஒரு நாள் லீவு போடாமல்.

பிறகு ஒரு பொத்தானை அமத்தினா.
அறை முழுக்க என் சத்தம்.
முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் நடுவில்
ஒரு சீறல்.
திரையில் நீல நாக்கு ஒன்று
பின்னுக்குப் பாய்ந்து அணைந்தது.

தெரிந்த சத்தம்தான்.
அடிவால்வில் சிறுகல் அகப்பட்டால்
கிணற்றுக்குள் இப்படித்தான் கேட்கும்.
தள்ளியதில் ஒரு பங்கு
வந்த வழிக்கே போகும்.
பம்ப் அதைத் திரும்பவும் தள்ளும். திரும்பவும்.
ஆரும் முறைப்பாடு எழுதுவதில்லை.

"இவ்வளவு குருதி உள்ளுக்க நிக்குதே மிஸ்,
தனக்கு வேணுமெண்டதை அதிலயே எடுக்குமோ?"

"இல்லையண்ணே. அந்தத் தடிச்ச சுவருக்கு
உள்ள நிக்கிறது ஊறாது.
வெளிய போன பெருநாடியில இருந்து
ரெண்டு மெல்லிய குழாய் பிரிஞ்சு
அதுக்கு மேலயே வந்து படரும்.
அதுவும் இறுக்கேக்க சரியா ஓடாது.
தளரேக்கதான் நிறையும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
என் வீடு பாலையூற்றில்.
ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர்,
அதுவும் ஊர் முழுக்க நிறைந்த பிறகு.

"அசையாதேங்கோ அண்ணே, படம் கலங்குது."

கிளினிக் கொப்பியில் எழுதியதை வாசிக்க முடியவில்லை.
ஏணி வேண்டாம், மூன்று மாதத்தில் வாங்கோ,
அது மட்டும் விளங்கியது.
பஸ் ஸ்ராண்டில் ஒரு புள்ளிமான்
அப்பம் சுற்றிய கடதாசியைத் தின்றுகொண்டு நின்றது.
அதன் விலாவும் ஏறி இறங்கியதை
இன்றைக்குத்தான் பார்த்தேன்.

இரவு பத்தே முக்காலுக்கு மோட்டரை நிறுத்தினேன்.
ஞானேஸ்வரி போன் எடுத்தா:
குழாய் இருமுகிறதாம், ரெண்டு வாளிதான் நிறைந்ததாம்.
வாறன் என்றேன்.

போகவில்லை.
மணிக்கட்டில் விரலை வைத்துக்
கதிரையில் இருந்தேன்.
அடிக்கிற நேரத்தைவிட
விடுகிற நேரம் நீளம் என்று மிஸ் சொன்னது
சரியோ என்று பார்க்க.

ஓர் அடி.
பிறகு கொஞ்சம் இருட்டு.

எழும்பாமல் இருந்தேன்,
அது குடிக்கட்டும் என்று.